மேலாளருக்குப் பிடிக்காத சிவப்பு

கள்ளக்குறிச்சி அலுவலகத்தின் பாடாவதிக் கணினியோடு மல்லுக்கட்டி, கிளைகளின் இணைய இணைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவினேன். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக் கிளையில் ரவுட்டரோ நெட்வொர்க் சுவிட்ச்சோ நின்றால் நம் திரையில் சிவப்பு எரியும். ஆனால் அங்கே சாயங்காலம் பூட்டும்போது கரண்ட் மெயினையே அணைத்துவிடுவார்கள். தினமும் சிவப்பு.

மேலாளர் என்மேல் பாய்ந்தார். “நீ இத போட்டதிலேர்ந்துதான்யா எல்லாம் நின்னுபோவுது!”

“மெயினை அணைக்க வேணாம்னு சொல்லுங்க சார்.”

“அணைக்காம எவன்யா வூட்டுக்குப் போவான்? மொதல்ல அத தூக்கு!”

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். சிவப்பு போனதில் அவருக்கு அப்படியொரு நிம்மதி.

அடுத்த வாரம் மலையில் நிஜமாகவே இணைய லைன் அறுந்தது. கீழே வந்த ஜீப்காரர் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

“ஏன்யா எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினார்.

“சொல்லிக்கினு இருந்ததத்தான சார் தூக்கச் சொன்னீங்க?”