சீமெந்துக் கட்டில்

சிக்கனத்தைப் பற்றி யாராவது எனக்குப் புத்தி சொல்ல வந்தால் முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் முதல் எல்லோரும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் முதுகு வலிக்குக் காரணம் அந்த வரிசைகள் அல்ல. ஒன்பது வயதில் நான் படுத்த கட்டில்.

அப்போது நாங்கள் கல்லடியில், வாவிக் கரையோரமாகக் குடியிருந்தோம். அப்பா பாலத்தைத் தாண்டி நகரில் ஒரு கடை விறாந்தையில் தையல் மெஷின் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். நகை குறைந்தாலும் பேசிச் சமாளிக்கலாம்; வீடு இல்லாவிட்டால் பேச்சே இல்லை. எங்கள் வீட்டில் பெண்கள் இருவர். என்னைவிடப் பதினொரு வயது மூத்த அக்காவும் நானும். யாருக்கு எது என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது. வளவின் முன்பக்கம் கட்டப்போகும் புது வீடு அக்காவுக்கு. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடு, அம்மாவுக்குச் சீதனமாக வந்தது, எனக்கு.

"உனக்கென்ன புள்ள, கட்டின வீடு கிடக்கு" என்று என் தலையை இழுத்துப் பின்னும்போதெல்லாம் அம்மா சொல்வார். நானும் அதை முழுமையாக நம்பி, யன்னல் கம்பியில் ஏறும் கூட்டாளிகளை என் வீட்டு யன்னல் என்று அதட்டி இறக்கிவிடுவேன்.

புது வீட்டுக்காக அப்பா மிச்சம் பிடித்தார். மிச்சம் பிடிக்கிற மனிதரை ஊரார் புகழ்வார்கள். ஊரார் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். தேநீருக்குள் சீனி போடக்கூடாது. உள்ளங்கையில் துளி வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். நெருப்புக் குச்சி கிழிக்கக்கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து சிரட்டையில் தணல் வாங்கி வருவது என் வேலை. அம்மா மூன்றாம் பால் பிழிந்து எறியப்போகும் தேங்காய்ப்பூவை அப்பா மறித்து வாங்கி, தானும் ஒருமுறை பிழிந்து பார்ப்பார். என் சட்டைகள் அவருடைய வாடிக்கையாளர்களின் வெட்டுத் துண்டுகளால் ஆனவை. முன்பக்கம் யாரோ ஓர் ஆசிரியையின் பூப்போட்ட துணி. முதுகுப்பக்கம் யாரோ ஒருவரின் காற்சட்டைத் துணி. வகுப்பில் எனக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நான் ஓர் ஆண்பிள்ளையாகவே தெரிந்திருப்பேன்.

இவ்வளவையும் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியாமல் போனது சீமெந்து. அந்த நாட்களில் சாமான் விலை ஏறிக்கொண்டே இருந்தது. கடைக்குச் சீமெந்து வந்தால் அன்றே முடிந்துவிடும். சேர்த்த காசு வங்கியில் கிடந்து மெலிகிறது என்று அப்பா கண்டுபிடித்தார்.

"காசு கரையும். சீமெந்து கரையாது" என்றார்.

அதன் பிறகு, கையில் கொஞ்சம் சேர்ந்தால் போதும், ஒரு பை சீமெந்தை வாங்கிச் சைக்கிள் கரியரில் கட்டிப் பாலத்தால் தள்ளிக்கொண்டு வருவார். வைக்க இடம் தேடிய நேரத்தில் என் பழைய கட்டிலின் கால் உளுத்து முறிந்தது. புதுக் கட்டில் வாங்குவது வீண் செலவு. அப்பா பைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, மேலே தண்ணீர் இறங்காத எண்ணெய்ச் சீலை விரித்து, பலகையும் பாயும் போட்டு, "இந்தா மகள், உனக்குக் கட்டில்" என்றார்.

கட்டில் வளர்ந்தது. புது வீட்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கூரை ஓடு என் மூக்கை நெருங்குவதைக் கொண்டு அறிந்துகொண்டேன். புரண்டால் தூசி எழும்பும். தூசி எழும்பினால் தும்மல் வரும். தும்மினால், சீமெந்து பறக்கிறது, மெல்லத் தும்மு என்று பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்.

ஏறாவூர் முதலாளி ஒருவருக்கு லொறி ஓட்டிய என் மாமா, அம்மாவின் தம்பி, வரும்போதெல்லாம் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். "என்னகா, மகாராணி இண்டைக்கு எந்த மாடியில நித்திரை?" என்பார்.

இரண்டு மாரிகள் கழிந்தன. அக்காவுக்கு ஓர் ஆசிரிய மாப்பிள்ளை பொருந்தி வந்தார். ஆவணிக்குள் கல்யாணம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அத்திவாரம் போட நாள் பார்த்து, அப்பாவும் மாமாவும் என் பாயைச் சுருட்டி, பலகையை நீக்கி, முதல் பையைத் தூக்கினார்கள்.

மேலே இருந்த இரண்டு பைகள் மட்டும் மாவாக இருந்தன. மூன்றாவது பையின் தாளைக் கிழித்தபோது உள்ளே பையின் வடிவத்திலேயே ஒரு கல் இருந்தது. நான்காவதும் அப்படியே. அப்பா குந்தியிருந்து, சந்தையில் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டு போனார். மழை மேலிருந்துதான் வரும் என்று நம்பி மேலே சீலை விரித்தவர் அவர். வாவி தரை வழியாக வந்திருந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"மருமகள், நீதானே மேல படுத்த? உண்மையச் சொல்லு, ராவில நனைச்சியா?"

அக்காகூடச் சிரித்துவிட்டார். நான் கத்தி அழுதேன். அன்று முழுவதும் எனக்கு இருந்த ஒரே கவலை அந்தப் பழிதான்.

"கல்லாப் போனாலும் வீணில்ல. கிணத்தடிக்குப் போடலாம்" என்றார் அப்பா.

"நீங்க மிச்சம் பிடிச்சது காணும், போதும்" என்றார் அம்மா. அம்மா அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

திரும்ப வாங்கக் காசும் இல்லை, கட்டி முடிக்க நாளும் இல்லை. பெரியவர்கள் குசினிக்குள், அடுப்படியில் இருந்து சில நாட்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அப்பா பின்வளவில் விறகு போடும் கொட்டிலைத் துப்புரவாக்கி, கூரையின் தென்னோலைக் கிடுகு மாற்றி, தரை மெழுகினார். சின்னவளுக்குப் பிறகு ஒன்று கட்டுவோம் என்று அம்மா மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு எதற்கு இன்னொரு வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. பின்னேரம், பந்தல் வெறிச்சோடியபோது, அம்மா என் உடுப்புகளையும் புத்தகங்களையும் கொட்டிலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கிடுகுக் கூரைக்குக் கீழே படுப்பது நல்ல விளையாட்டாக இருக்கும் என்று ஓடி ஓடிச் சுமந்தேன். கடைசியாகப் பாயை எடுத்துக்கொண்டு வரும்போது, கூறைச் சேலையோடு வாசலில் நின்ற அக்கா என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நீ எப்ப வேணுமெண்டாலும் இஞ்ச வா. கேட்டுக்கொண்டு வரத் தேவையில்ல, என்ன?"

என் வீட்டுக்கு வர என்னையே அழைக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் இப்படிப் பேசுகிறார் என்று முடிவு செய்தேன். பாவமாக இருந்தது.

"ஓம் அக்கா. நீங்களும் எவ்வளவு நாளைக்கெண்டாலும் இருங்க" என்றேன்.

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழத் தொடங்கினார். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவ்வளவு பெரிய மனதோடு அனுமதி கொடுத்ததற்கு ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே என்ற எரிச்சலோடு, நான் பாயைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தேன்.