கவுன்சில்காரர் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள்

அத்தையின் தமிழ்ச் சான்றிதழில் எதற்கு இத்தனை கையெழுத்து என்று நேற்றுக் கேட்டீர்கள். சொல்கிறேன், அதில் என் கூத்தும் ஒன்று இருக்கிறது.

சர்வகலாசாலையில் கவுன்சில் என்று ஒரு சபை உண்டு. படித்த பெரியவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தப் பட்டத்துக்கு என்ன படிக்க வேண்டும், எந்த ஊரில் எந்தச் சான்றிதழ் வகுப்பு நடக்கலாம் என்றெல்லாம் தீர்மானிப்பார்கள். நீங்கள் பார்த்த கையெழுத்தெல்லாம் அவர்களுடையதுதான். அவர்களில் ஒருவர் நேரில் வந்து வகுப்பைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் மாணவர்கள் பரீட்சைக்கு உட்காரலாம். பின்னே, தெருவுக்குத் தெரு பலகை மாட்டிப் பட்டம் கொடுத்துவிட முடியுமா? எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

அப்போது நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. அங்கேதான் புதிதாகத் தமிழ் வகுப்பு ஆரம்பித்து, ஒன்பது பேர் இரண்டு வருஷமாகப் படித்தார்கள். அதில் ஒருத்தி என் தங்கை, உங்கள் அத்தை. அந்த வருஷமே சான்றிதழ் கொண்டுவந்தால் பெண்கள் பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருஷம் என்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

கவுன்சிலிலிருந்து ஒரு பேராசிரியர் ஆனிச் சாரலில் காலை ரயிலில் வந்து இறங்கினார். முகம் கடுகடு என்றிருந்தது. முதலில் குற்றாலம் கூட்டிப்போய் ஒரு குளியல் போட்டால் மனசும் குளிரும் என்று தலைமையாசிரியரிடம் யோசனை சொன்னது நான்தான். பேராசிரியர் வேண்டாம் வேண்டாம் என்றார், ஆனால் குதிரைவண்டியில் முதல் ஆளாக ஏறிவிட்டார்.

எண்ணெய் தேய்ப்பவர் அவரை அரை மணி நேரம் பிசைந்தார். அருவியில் நின்றவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. எண்ணெய் தேய்ப்பவர் போகும்போது, "அண்ணாச்சி, தேச்சுக் குளிச்ச ஒடம்பு. சாப்பாட்டுக்குப் பொறவு கண்ணசர விட்டுராதீய" என்றார். நான் தலையாட்டினேன். பக்கத்துப் பயணியர் பங்களாவில் இலைபோட்டு வடை, பாயசத்தோடு சாப்பாடு. கை கழுவிவிட்டு நான் திரும்பியபோது பங்களாக் கட்டிலில் குறட்டை.

கவுன்சில்காரரை யார் எழுப்புவது? தலைமையாசிரியர் வாசல்வரை போய் இருமிவிட்டுத் திரும்பினார். நான் செம்பைக் கீழே போட்டுப் பார்த்தேன். அவர் புரண்டு படுத்தார், அவ்வளவுதான். எழுந்தபோது ஐந்து மணி. ஆறரைக்கு அவருக்கு ரயில். இனிப் பள்ளிக்கூடம் போக நேரமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

நான் முன்னால் ஓடிவந்து வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். பத்து மணியிலிருந்து காத்திருந்தவர்கள். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவருக்கா எண்ணெ தேச்சுவிட்ட? என் படிப்பயில்லா தலமுழுக வச்சிட்ட, அண்ணே."

சொல்லிவிட்டு வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். மற்ற எட்டுப் பேரும் பாடம் நடத்தும் பண்டிதரும் அவள் பின்னால், கடைசியில் நானும்.

பேராசிரியர் வந்தபோது பிளாட்பார பெஞ்சுகளில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பண்டிதர் அருவியைப் பற்றிய ஒரு பழைய பாட்டை நடத்தினார். கூலிக்காரர்கள்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்கள். பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டினார், ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டார். கடைசியில் அத்தையிடம், பாட்டில் அருவி என்னவெல்லாம் செய்கிறது என்றார். அவள் வரிசையாகச் சொன்னாள். வேறென்ன என்று மறுபடி கேட்டார்.

"குளிச்சவங்களத் தூங்க வைக்கும்னு பாட்டுல இல்ல, ஐயா."

நான் அவசரமாக அவர் பெட்டியைத் தூக்கினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ரயிலில் ஏறி, ஜன்னல் வழியாக என்னிடம், "பார்த்ததை எழுதுவேன். பார்க்காததை எழுத மாட்டேன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கவுன்சில் கடிதம் வந்தது. பாடம் நடக்கும் விதம் திருப்தி, ஆகவே இந்த வருஷம் பரீட்சைக்கு அனுமதி. கட்டடத்தையும் புத்தகங்களையும் அடுத்த வருஷம் ஒருவர் வந்து பார்ப்பார். அந்த ஆய்வு சாரல் மாதங்களில் நடைபெறாது. இந்தக் கடைசி வரியை அத்தை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அவள் பரீட்சை எழுதித் தேறினாள், வேலைக்கும் போனாள். மறு வருஷம் சித்திரை வெயிலில் வேறொருவர் வந்தார். புத்தகம் ஒன்று விடாமல் எண்ணி, வேர்வையைத் துடைத்துக்கொண்டே, குற்றாலம் பக்கம்தானே என்று என்னைக் கேட்டார்.

"பக்கந்தான் ஐயா. தண்ணிதான் இல்ல" என்றேன்.

பொய்யில்லை பிள்ளைகளே. சித்திரையில் அங்கே வெறும் பாறைதான்.