உல்தீஸ் பெயர்மேல் ஒரு கோடு

மிர்ட்ஸா எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல்காரி. நான் அங்கே கணக்கு டீச்சர். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பள்ளியை இழுத்து மூடியவர் நகராட்சித் தலைவர் உல்தீஸ். கடைசிக் கூட்டத்தில் மிர்ட்ஸா எழுந்து, பிள்ளைகள் இனி எங்கே போவார்கள் என்று கேட்டாள். "உங்களுக்கென்ன கவலை? சூப்பு எங்க வேணும்னாலும் கொதிக்கும்" என்றார் அவர். சபை சிரித்தது. அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த ஆளைக் கண்டால் எனக்கும் ஆகாது, இன்றுவரை ஆகாது.

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. உல்தீஸின் கட்சிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கட்சிக்கு ஒரு இடம் உறுதி, அது முதல் பெயருக்குத்தான் என்றார்கள். ப்ரஸ்ஸல்ஸில் வீடு பார்த்தாகிவிட்டதாக அவர் மனைவி ரொட்டிக்கடையில் பீற்றிக்கொண்டாள்.

ஊரில் பாதிப்பேருக்கு அவர்மேல் கடுப்பு. வேறு கட்சிக்குப் போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள இருந்தார்கள். மிர்ட்ஸா தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் லாத்வியாவில் ஒவ்வொரு கட்சியின் வேட்பாளர் பட்டியலும் தனித்தனித் தாளாக நம் கைக்கு வரும். ஒன்றை உறையில் போட வேண்டும். அதில் பிடித்த பெயருக்குக் கூட்டல் குறி, பிடிக்காத பெயர்மேல் கோடு. கோடு விழ விழ ஆள் கீழே இறங்குவார். ஆனால் அவர் பெயரை அடிக்க, அவர் கட்சித் தாளைத்தான் போட்டாக வேண்டும்.

சைக்கிளில் வீடு வீடாகப் போனாள். நானும் கூடப் போனேன். தேனீ வளர்க்கும் ஒன்டோன்ஸ் எகிறினான்.

"அந்தக் களவாணி கட்சிக்கு நான் ஓட்டுப் போடணுமா? கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?"

"வேற கட்சிக்குப் போட்டா அந்தாளுக்கு ஒரு கீறல்கூட விழாது. அவனைப் புடிச்சவன் மட்டுந்தான் அந்தத் தாளைப் போடுவான். அப்புறம் கோடு யாரு போடுவா, உன் தேனீயா?"

"கட்சி ஜெயிச்சிருமே, மிர்ட்ஸா."

"ஜெயிக்கட்டும். எனக்குக் கட்சியோட சண்டையில்ல."

அதுவரை அவள் விவசாயிகள் கட்சியைத் தவிர வேறெதற்கும் போட்டதில்லை. அவள் தம்பி அதற்காக ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தான்.

முடிவு வந்தது. உல்தீஸின் கட்சிக்கு ஒரு இடம். மற்ற ஊர்களிலும் அவருக்கு வேண்டாதவர்கள் இருந்திருக்கிறார்கள். எங்கள் கோடுகளும் சேர்ந்து அவரை மூன்றாவது இடத்துக்குத் தள்ளின. பட்டியலில் இரண்டாவதாக இருந்த மாட்டு டாக்டர் ப்ரஸ்ஸல்ஸ் போனார். விவசாயிகள் கட்சி மயிரிழையில் தோற்றது. தம்பி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவளுக்கு அது வலித்தது, என்னிடம் அழவும் செய்தாள்.

அடுத்த வாரம் சந்தையில் அவள் சீஸ் விற்றுக்கொண்டிருந்தபோது உல்தீஸ் வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"எங்க கட்சிக்கு நீங்களே ஓட்டுப் போட்டீங்களாமே?"

"போட்டேன்" என்றாள் மிர்ட்ஸா, கத்தியைத் துடைத்தபடி. "உங்களுக்காகத்தான் போட்டேன்."