நான் கொல்லப் பார்த்த கோவேறு கழுதை

போன வருடம் மார்கழி மாதம். காரைக்காலில் ஒரு சின்ன அருங்காட்சியகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. ஒரு மாதம் அங்கேயே தங்கி, யுத்த காலத்தில் வாழ்ந்த ஒரு விலங்கைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதை எழுத வேண்டும். தங்க அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு, உட்கார்ந்து எழுத ஒரு மேஜை. படித்து முடித்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், 'இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது' என்பதுதான்.

சந்தேகம் நியாயமானது. நான் வாரப் பத்திரிகைகளுக்கு ஜோக் எழுதுகிறவன். மாமியார் ஜோக், டாக்டர் ஜோக், மாமியாரே டாக்டராக இருக்கும் ஜோக். என் மனைவி அவற்றைப் படித்துச் சிரித்ததாகச் சரித்திரம் கிடையாது. அவள்கூட அழைப்பை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, "கிட்னி ஏதாவது கேக்கப் போறாங்க, பாத்து கையெழுத்துப் போடுங்க" என்றுதான் வழியனுப்பினாள்.

போய் இறங்கிய அன்றே விஷயம் புரிந்தது. அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஒரு முப்பது வயதுப் பெண். சுவரில் பெரிதாக்கி மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தின் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். பிரெஞ்சு ராணுவ உடுப்பில் ஓர் ஒல்லி இளைஞன். பக்கத்தில், அவன் தோளில் மூக்கை வைத்தபடி ஒரு கோவேறு கழுதை. அல்ஜீரியா யுத்தத்தில் மலைமேல் சாமான் சுமக்க அந்தக் கழுதைகளைத்தான் வைத்திருந்தார்களாம்.

"இவரு டி.ஆர்.பட்டினத்துக்காரர் சார். சொல்தா. நாங்க போய்க் கேட்டோம், அந்த வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. நீங்க சிரிக்கச் சிரிக்கப் பேசுவீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டோம்."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைக் காரைக்கால் பக்கம் 'சொல்தா' என்பார்கள். ஆக, என்னை எழுத்தாளனாகக் கூப்பிடவில்லை, கதவைத் திறக்கும் சாவியாகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் கதையைப் படித்தாக வேண்டும். கழுதைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் கதையை எப்படி முடிப்பது?

மறுநாள் காலை முழுக்கைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கக்கத்தில் ஒரு ஃபைலோடு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். வாசலில் சொல்தாவின் மருமகள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"ஐயா உயிரோட இருக்காங்களாம்மா?"

அரிவாள்மனையில் மீன் அப்படியே நின்றது. "நீங்க எந்த ஆபீஸு?"

"ஆபீஸ் எல்லாம் இல்லம்மா. கழுதையப் பத்தி விசாரிக்க வந்தேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாமா வேளாங்கண்ணிக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"மாதாவுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு மீனை வெட்டினார். என்னை வெட்டியது போலத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது மாமா பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கடுத்த முறை பாரிஸில், மகன் வீட்டில். நான் போகப்போக மனிதர் தூரதூரமாகப் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு தடவை போனால் நிலாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எதிர்சாரியில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து வீட்டை வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

"அந்த ஐயாவையா? வெளிய பாத்து ரொம்ப நாளாச்சு சார்" என்றார் டீக்கடைக்காரர். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பிரான்ஸ் பென்ஷன் வர்ற வீடு. யாராச்சும் விசாரிச்சு வந்தா அந்த அக்காவுக்குக் கை காலு ஆடிப்போயிடும்" என்றார்.

எனக்குள் இருந்த துப்பறியும் நிபுணர் விழித்துக்கொண்டார். அவர் பிறவியிலேயே முட்டாள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் உற்சாகமானவர். வீட்டின் பக்கவாட்டுக் கொடியில் தினமும் ஒரு கட்டம்போட்ட கைலி ஈரமாகத் தொங்கியது. அந்த அம்மாவின் கணவர் பிரான்ஸில் இருக்கிறார், வீட்டில் வேறு ஆம்பளை கிடையாது. அப்படியானால் கைலி யாருடையது? உள்ளே டி.வி. பிரெஞ்சில் பேசிக்கொண்டே இருந்தது. யார் கேட்பதற்கு?

சாதாரண மூளை உள்ளவன், 'பெரியவர் உள்ளேதான் இருக்கிறார்' என்று முடிவு கட்டியிருப்பான். நான் ஜோக் எழுதுகிறவன் அல்லவா, ஒரு படி மேலே போனேன். பெரியவர் செத்துப்போய்விட்டார். பென்ஷன் நிற்கக் கூடாதென்று, ஆள் இருப்பது போலக் காட்ட தினமும் கைலியை நனைத்துக் காயப்போடுகிறார்கள், டி.வி.யை ஓட விடுகிறார்கள்!

இந்தக் கண்டுபிடிப்பைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். பென்ஷன் பக்கத்தை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன். முட்டாள்தான், கோள்மூட்டி இல்லை.

"இறந்துட்டாரா? அப்ப படத்துக்குக் கீழ போர்டுல 'மறைந்த ராணுவ வீரர்'னு போட்டுடலாம். விழாவுக்குப் பத்திரிகைக்காரங்களும் வர்றாங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா சார்?"

"நிச்சயம்" என்றேன்.

"எதுக்கும் கதையை ஒருவாட்டி அந்த வீட்ல படிச்சுக் காட்டிட்டு வந்துடுங்க. நாளைக்குச் சண்டைக்கு வரக் கூடாது."

கதை எழுதுவது இப்போது சுலபமாகிவிட்டது. வீரர் இல்லை, கழுதை என்ன ஆனது என்று சொல்ல ஆளும் இல்லை. பிள்ளைகள் உருகும்படி முடித்தேன். மலைச்சரிவில் எதிரி சுடுகிறான். கழுதை குறுக்கே பாய்ந்து குண்டை வாங்கிக்கொள்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்தைப் படித்து ஒரு ஆள் அழுதது அதுதான் முதல் தடவை.

கதையை எடுத்துக்கொண்டு போனேன். மருமகள் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றார். "படிங்க, கேட்டுக்கறேன். உள்ள வேலை கெடக்கு, சீக்கிரம்."

வாசலில் நின்றபடியே படித்தேன். டி.வி. சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று உரக்கப் படித்தேன். பாதியில் டி.வி. நின்றது. அதை நான் பொருட்படுத்தவில்லை, என் குரலில் நானே மயங்கியிருந்தேன். "வீரனின் மடியில் தலை சாய்த்து, அந்த வாயில்லா ஜீவன் கடைசி மூச்சை விட்டது" என்று முடித்தேன்.

உள்ளேயிருந்து ஒரு இடிக்குரல் வந்தது.

"எவண்டா அவன்? ரோசம்மா சாவலடா!"

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாமா! உங்களை நான் என்ன சொல்லி வச்சேன்?"

"போம்மா! அது செத்துப்போச்சுங்கறான், சும்மா படுத்துக் கெடக்கச் சொல்றியா?"

கட்டம்போட்ட கைலி, தலையில் குல்லா, கையில் ரிமோட். எண்பத்தைந்து வயதைத் தாண்டிய மனிதர் தள்ளாடி வந்து என் முன்னால் நின்றார். வேளாங்கண்ணி, பாண்டிச்சேரி, பாரிஸ் எல்லாம் போய்விட்டு வந்த களைப்பு எதுவும் அவரிடம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"ஒங்கிட்ட யாரு சொன்னா, அது செத்துதுன்னு?"

"யாரும் சொல்லலீங்க... நானாத்தான்..."

"நானாத்தான்! எல்லாவனும் நானாத்தான் எழுதுறான்."

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தார். சில வருடம் முன்பு என்னை மாதிரியே ஃபைலும் கையுமாக ஒருவர் வந்து, ஐயா எப்படி இருக்கிறார் என்று அக்கறையாக விசாரித்துப் போனாராம். அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் நின்றுவிட்டது. ஏதோ ஒரு ஆபீஸில் யாரோ 'இறந்துவிட்டார்' என்று எழுதிவிட்டார்கள். வந்தவர்தான் எழுதினாரா என்பதுகூட இன்றுவரை தெரியாது. உயிரோடு இருப்பதை நிரூபிக்க மனிதரை வேன் பிடித்துப் பென்ஷன் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள்.

"எதிர்ல நிக்கிறேன் தம்பி" என்றார் பெரியவர். "ஆபீசரு என் மூஞ்சியப் பாக்கல. பேப்பரப் பாத்துட்டு, 'இதுல வேற மாதிரி போட்டிருக்கே'ங்கறாரு. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துட்டுது, நாம செத்துட்டமோன்னு."

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பென்ஷனைத்தான் நம்பியிருந்தார்கள். பென்ஷன் திரும்ப வந்தாலும், விசாரித்து வருகிறவர்கள் மறுபடி எதையாவது எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், அன்றிலிருந்து அந்த வீட்டில் அவரை அந்நியர் கண்ணில் காட்டுவதில்லை.

எனக்கு 'மறைந்த ராணுவ வீரர்' ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று பொறுப்பாளருக்குப் போன் போட்டேன்.

"போர்டு அடிச்சு மாட்டிட்டோமே சார்."

"கழட்டுங்க! பெரியவர் என் முன்னாடி நிக்கிறாரு. ரிமோட்டால அடிக்கப் போறாரு!"

பிறகு அவர் உட்கார்ந்து ரோசம்மாவைப் பற்றிச் சொன்னார். கழுதைக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான். ஊரில் அவர் தெருவில் ஒரு ரோசம்மா இருந்தாளாம். அவளும் கூப்பிட்டால் வரமாட்டாளாம். கழுதை யாருக்காகவும் குண்டை வாங்கவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டால் படுத்துக்கொள்ளும். ஒரு தடவை அது படுத்த இடத்தில் இவரும் படுத்தார், அதனால்தான் பிழைத்தார்.

"ஊருக்குக் கப்பல் ஏறுறப்போ தொறமுகத்துல கட்டிப் போட்டிருந்தாங்க. என்னையே பாத்துகிட்டு நின்னுது. நான் பாக்குற வரைக்கும் நின்னுது. அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது. தெரியாதத எழுதாத."

விழா அன்று புதுப் போர்டு வரவில்லை. 'மறைந்த' என்ற வார்த்தையின் மேல் நானே வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தேன். அந்தப் படத்துக்குக் கீழே, இஸ்திரி போட்ட சட்டையில் பெரியவர் வந்து நின்றார். "நாலு பேரு நல்லாப் பாக்கட்டும், மாமா இருக்காங்கன்னு" என்று மருமகள்தான் அழைத்து வந்திருந்தார். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கியபோது, பெரியவரின் குல்லாவை மருமகளே கழற்றி, முகம் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தார்.

புதிதாக எழுதிய கதையைப் படித்தேன். துறைமுகத்தில் ரோசம்மா நிற்பதோடு முடித்துவிட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "இப்ப அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். அறுபது வருடத்துக்கு மேல் எந்தக் கழுதை இருக்கும் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விழுங்கிவிட்டேன்.

"அங்கதான் நிக்கும்" என்றார் அவர். "கூப்பிட்டா வராது, அவ்வளவுதான்."

இப்போதும் ஜோக் எழுதுகிறேன், அவ்வப்போது கதையும் எழுதுகிறேன். ஆனால் கதையில் யாரையாவது சாகடிக்கலாம் என்று பேனா போகும்போதெல்லாம், உள்ளே டி.வி. நிற்கிற சத்தம் கேட்கிறது. உடனே எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் யாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.