எடுத்ததைக் காட்ட வேண்டும்

ஆபரேஷன் முடிந்தால் சர்ஜன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்துக்கொண்டு தியேட்டர் கதவைத் திறந்து பார்த்ததில்லை. அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளேயிருந்து வருகிறவன் பாடும் அப்படியொன்றும் சுகமில்லை. ஆம்பூரில் என் சின்ன ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். எடுத்ததைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எடுத்ததாகவே நம்பமாட்டார்கள்.

குடல்வால்

பள்ளிகொண்டா பக்கத்து விவசாயி ஒருவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்த தன் மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார். குடல்வால் வெடிக்கும் நிலை. சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடி, வெடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். ஆள் பிழைத்த பெருமையில் தட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அப்படித் திருப்புங்கள், இப்படித் திருப்புங்கள் என்று பார்த்தார். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத அந்தச் சமாசாரம் அவருக்குத் திருப்தி தரவில்லை.

"இன்னா சார், இவ்ளோ சின்னதா இருக்குது? உள்ள இன்னும் ஏதாவது இருக்குதான்னு நல்லா தேடிப் பாத்தீங்களா?"

கட்டைவிரல்

இக்பால் பாய் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பல வருஷத்துச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. கம்பெனியில் கீழே கிடந்த சின்ன ஆணி ஒன்று அவர் ஷூவைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. நாள் முழுக்க அதோடேயே நடந்திருக்கிறார். வீட்டில் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்தது அவர் மனைவி ஷகிலாதான். அப்போதும் மஞ்சள், களிம்பு என்று கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, கட்டைவிரல் கறுத்த பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

எடுத்துவிட்டுத் தட்டோடு வெளியே வந்தேன். விரலைக் காட்டினால் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஷகிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு, கபரஸ்தானில் புதைக்க வேண்டும் என்று கேட்டு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டார். அவர்களிடையே அது வழக்கம்.

"ஒரு வெரலோட போச்சே, அது போதும் சார். ஷூ போட்டா யாருக்குத் தெரியப் போவுது."

ரெண்டு கால்

விரலோடு போகவில்லை. சில மாதம் கழித்து இக்பால் பாய் பாதம் முழுக்கச் சீழ் வைத்து வந்தார். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தால் பிழைப்பார், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றேன். சந்தேகமிருந்தால் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். போனார். அங்கேயும் அதையேதான் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவர், அடுத்த வாரம் மகளுக்கு நிக்காஹ், அதுவரைக்கும் மருந்திலேயே ஓட்டுங்கள் என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கள் மகளுக்கு அப்பா வேண்டுமா, அப்பாவின் கால் வேண்டுமா என்று கத்தினேன். நர்ஸுகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஷகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இக்பால் பாய் மட்டும் குரலை உயர்த்தவில்லை.

"கத்தாதீங்க சார், உங்களுக்கு பிபி ஜாஸ்தியாய்டும். சம்மந்தி வூட்டுக்காரங்க முன்னாடி ஒரு நாளு ரெண்டு காலோட நின்னுட்டு வந்துடறேன். அப்புறம் நீங்களே எடுத்துக்கங்க."

வெள்ளைத் துணி

நின்றார். பாலிஷ் போட்ட ஷூவோடு மண்டப வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கட்டித் தழுவி வரவேற்றாராம். மறுநாள் குளிர் ஜுரத்தில் நினைவு தப்பிய நிலையில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சீழ் முழங்காலைத் தாண்டி, ரத்தத்திலும் கலந்துவிட்டது. பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. வேலூர் போய்ச் சேரும்வரை தாங்கமாட்டார். தொடையோடு எடுத்தால் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று ஷகிலாவிடம் சொன்னேன். தலையாட்டினார். மேசையில் படுக்கவைத்து நான் கத்தியை எடுப்பதற்குள் இதயம் நின்றுவிட்டது. மயக்க மருந்து டாக்டரும் நானும் மாறி மாறி நெஞ்சை அமுக்கினோம். திரும்பவில்லை.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். ஷகிலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி அப்படியே இருந்தது. காலைச் சுற்றி எடுத்துப்போக ஒரு வெள்ளைத் துணியை மடித்து மடியில் வைத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார். தட்டு எங்க சார் என்று கேட்டார். சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அவர் அழாமல் துணியைப் பிரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் நீவினார்.

"இந்தத் துணி பத்தாதே சார்."

அதனால்தான் சொல்கிறேன், சர்ஜன் தட்டில் எதையாவது ஏந்திக்கொண்டு வெளியே வந்தால், இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று மட்டும் கேட்காதீர்கள்.