ஐந்நூறாவது தலை

ஒரு தலைக்கு ஓர் அழுத்து. கால்பந்து மைதானத்தின் ஒரே வாசலில் நின்று, வருபவர் முகத்தைப் பார்த்தபடியே கையடக்க எண்ணியை அழுத்துகிறார் கட்டைவிரல் அண்ணன். அப்பன் தோளில் ஏறி வரும் பிள்ளைக்கும் ஓர் அழுத்து உண்டு. வெளியே போய்ப் புகைத்துவிட்டுத் திரும்புகிறவருக்குக் கிடையாது. "உன்னை அப்பவே போட்டாச்சு, போ."

மற்ற நாட்களில் குழாய் பழுது பார்ப்பவர். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பது மனப்பாடம். "பேக்கரி வீட்ல நாலு பேர், ஒருத்தரையும் காணோம். எங்க தொலைஞ்சாங்க?"

எண்ணி முன்னே மட்டும்தான் ஓடும். விரல் தவறி ஒன்று கூடிவிட்டால் காதில் ஒரு தீக்குச்சியைச் செருகிக்கொள்வார். அடுத்து வருபவரை அழுத்தாமல் உள்ளே விட்ட பிறகே அதை எறிவார். பதினெட்டு வருடமாக இதுதான் முறை.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். இடைவேளைக்குள் ஐந்நூறு பேர் வராவிட்டால் அடுத்த ஆண்டு இந்த அணிக்கு லீக்கில் இடமில்லை. அதைப் பதிய லீக் அதிகாரியம்மா ஏட்டோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஊர்ல இருக்கறதே ஆறாயிரம் பேர். இதே கணக்குக்குப் பத்து லட்சம் பேர் உள்ள ஊர்ல எத்தனை பேர் வரணும்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க தம்பி" என்று பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டார் அண்ணன்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், மனத்திலேயே போட்டுவிட்டேன். "எண்பத்து மூவாயிரம்ணே."

"அங்க மூவாயிரம் பேர் வந்தாலே திருவிழாங்கறான். நமக்கு வாசல்ல ஆள் வெச்சு எண்ணுறான்."

நாற்பதாவது நிமிடம். எண்ணியில் 494. அண்ணன் மனைவியின் தம்பியான கிளப் செயலாளர் அவர் காதருகே வந்தார். "மச்சான், சும்மா ஆறு தட்டு தட்டேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் தலையில வேணா தட்டறேன்."

பேக்கரி வீட்டார் நால்வரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். 498. பின்னாலேயே முடிதிருத்துபவர், கத்தரிக்கோல் இன்னும் சட்டைப்பையில். 499. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் ஒண்ணுதான் மச்சான்" என்று முதுகில் ஓங்கி அறைந்தார். கட்டைவிரல் இறங்கியது.

500.

அண்ணன் தீக்குச்சியைக் காதில் செருகினார். அதைப் பார்க்காமலே செயலாளர் உள்ளே ஓடினார், மைதானம் ஆர்ப்பரித்தது. அண்ணன் மட்டும் தெருவைப் பார்த்தபடி நின்றார். தெருக்கோடி வரை ஆள் இல்லை. ஒரு சைக்கிள் வந்தது. திரும்பாமல் நேரே போய்விட்டது.

இடைவேளை விசில் ஊதியது.

அதிகாரியம்மா எழுந்து வந்து எண்ணியைப் பார்த்தார், ஏட்டில் எழுதினார். "சரியா ஐநூறு. கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் பேனாவை வாங்கவில்லை. காதிலிருந்த தீக்குச்சியை எடுத்து, மை காயாத அந்த எண்ணின் மேல் வைத்தார்.