என் மூக்கு வைத்த வீராங்கனை

பிள்ளைக்கு நல்லது கெட்டது சொல்லித்தர எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஏழு வயது மகள், வீடியோ கேமில் தன் வீராங்கனைக்கு என் மூக்கையும் கொண்டையையும் வைத்திருந்தாள். அவள் எடுக்க வேண்டிய ஒவ்வொரு முடிவையும் என்னிடமே கேட்பாள்.

“எப்பவும் உண்மையைத் தெரிவு செய், பிள்ளை” என்று உபதேசித்துக்கொண்டிருந்தபோது, கட்டைபறிச்சான் கிராமத்திலிருந்து மாமியாரின் அழைப்பு. ஒரு வாரம் தங்க வருவதாக முன்பே சொல்லியிருந்தார். போனை மகளிடம் நீட்டினேன்.

“அம்மாவுக்குக் காய்ச்சல், இப்ப வர வேண்டாம் எண்டு சொல்லு.”

சொன்னாள். பிறகு விளையாட்டில் வீராங்கனையை அரசனிடம் பொய் சொல்ல வைத்தாள்.

“இப்பதான் இவ உங்களை மாதிரியே இருக்கிறா, அம்மா.”

மறுநாளே மாமியார் என்னைப் பராமரிக்கக் கொத்தமல்லியோடு வந்திறங்கினார். மூன்று நாளாகப் படுத்துக் கசாயம் குடிக்கிறேன். மகள் கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிடவா? யோசனை சொல்லுங்கள்.